பதினான்கு நாள், ஒரு குட்டி நோட்டு: விடுதி மாணவர் உணவுக் குறிப்பு எழுதும் முறை

இரண்டாம் ஆண்டு படித்தபோது திருச்சியில் ஒரு கல்லூரி விடுதியில் இருந்தேன். பிற்பகல் வகுப்பு என்றாலே தலை கனக்கும்; கரும்பலகை எழுத்து மங்கும். கண் மருத்துவரிடம் போனேன். கண்ணில் குறை ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். இரவு பதினொரு மணிக்கு விடுதி வாசலுக்கு எதிரே நின்று சாப்பிடும் பரோட்டாதான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதி, பரோட்டாவுக்குத் தண்டனையும் கொடுத்தேன். மூன்று நாள் தாங்கும். நான்காம் நாள் இரவு சால்னா வாசனை மாடியேறி வந்துவிடும்.

"முதலில் என்னதான் சாப்பிடுகிறாய் என்று எழுதிப் பாரேன்" என்றான் அறைத் தோழன். கிண்டலாகத்தான் சொன்னான். பதினான்கு நாள் எழுதினேன். பரோட்டா நிரபராதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழக்கில் முதல் குற்றவாளி அது இல்லை. காலை 8.10-தான் முதல் குற்றவாளி. அந்த நேரத்துக்குத்தான் பெரும்பாலான நாள் கண் விழித்துக்கொண்டிருந்தேன், 8.30-க்கு மெஸ் மூடிவிடும்.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆன செலவு பத்து ரூபாய்க்கு வாங்கிய ஒரு குட்டி நோட்டும் தினமும் ஐந்து நிமிடமும். நீங்களும் எழுதிப் பார்ப்பதானால் எப்படித் தொடங்குவது, எங்கே வழுக்கும், எழுதியதை எப்படிப் படிப்பது என்பதைச் சொல்கிறேன். உடல் எடையைக் குறைக்கும் திட்டம் எதுவும் இதில் கிடையாது.

நோட்டா, போனா

சட்டைப்பையில் அடங்கும் நோட்டு போதும். போனில் எழுதினாலும் சரிதான். ஆனால் கலோரி கணக்கிடும் செயலிகளைத் தொடக்கத்தில் தொடாதீர்கள். "இட்லி, ஒன்று" என்று போட்டதும் செயலி ஓர் எண்ணைக் காட்டும். எந்த ஊர் இட்லி, என்ன அளவு என்று அதற்குத் தெரியாது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் 528 இந்திய உணவுப் பொருள்களை ஆய்வகத்தில் அளந்து பட்டியல் வெளியிட்டது. அருமையான வேலை. ஆனால் உங்கள் மெஸ் குருமாவில் இன்றைக்கு எவ்வளவு எண்ணெய் விழுந்தது என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது. கிடைக்கும் எண் துல்லியமாகத் தெரியும்; உண்மையில் அது ஊகம். ஊகத்துக்குப் புள்ளி வைத்துத் தசமத்தில் எழுதினால் அது உண்மையாகிவிடாது.

முதல் மூன்று நாள்: எதையும் மாற்றாதீர்கள்

இதுதான் எல்லாரும் தவறவிடும் இடம். நோட்டு வாங்கிய உற்சாகத்தில் முதல் நாளே ஆப்பிள் வாங்கிச் சாப்பிட்டு, அதை அழகாக எழுதி வைப்போம். யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பு. எழுதுவதாலேயே சாப்பாடு மாறிவிடுவது ஆய்வாளர்களுக்கும் தலைவலி தரும் விஷயம். அதனால் முதல் மூன்று நாளை ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் புதுமை தேய்ந்து, பழைய நீங்கள் திரும்பி வந்துவிடுவீர்கள். அவரைப் பற்றித்தான் நமக்குத் தெரிய வேண்டும்.

எழுதும் நாள்களில் ஞாயிறு கட்டாயம் இருக்க வேண்டும். விடுதியில் ஞாயிறு என்பது தனி உலகம்: காலைச் சாப்பாடு பத்து மணிக்கு, மதியம் கோழிக் குழம்பு, மாலையில் யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கு டப்பா. வார நாள்களை மட்டும் எழுதினால் பாதிப் படம்தான் கிடைக்கும். மாறாக, தேர்வு வாரத்திலும் தீபாவளி விடுமுறையிலும் முதன்முறையாகத் தொடங்க வேண்டாம்.

என்னென்ன எழுதுவது

நேரம், பண்டம், அளவு, இடமும் துணையும், பசி. பசிக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண் கொடுங்கள். ஒன்று என்றால் பசியே இல்லை, ஐந்து என்றால் கை நடுங்குகிறது. நாள் முடிவில் படுத்த நேரம். அவ்வளவுதான். "நன்றாக இருந்தது", "தப்பு செய்துவிட்டேன்" போன்ற தீர்ப்புகளை எழுதாதீர்கள். தீர்ப்பு எழுதத் தொடங்கினால் நான்காம் நாள் நோட்டைத் திறக்கவே கூசும்.

என் நோட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை:

8.40 – ஒன்றும் இல்லை. மெஸ் மூடிவிட்டார்கள். பசி 2.
11.05 – டீ 1, தேங்காய் பன் 1. கேன்டீன், நாலு பேர். பசி 4.
1.00 – சாதம் 4 கரண்டி, சாம்பார் 2, ரசம் 1, கோஸ் பொரியல் கொஞ்சம், அப்பளம் 2. பசி 5.
4.30 – டீ 1, வாழைக்காய் பஜ்ஜி 3. பசி 2. எல்லாரும் போனார்கள்.
7.40 – சப்பாத்தி 2, குருமா பாதி. பசி 1.
11.10 – பரோட்டா 3, சால்னா, ஆம்லெட் 1. பசி 5.
படுத்தது 1.15.

சாப்பிட்ட உடனேயே எழுதுவது முக்கியம். இரவு உட்கார்ந்து நினைவுபடுத்தி எழுதினால் பெரிய தட்டுகள் ஞாபகத்துக்கு வரும். சின்னக் கடிகள் வராது. எழுத முடியாத இடமாக இருந்தால் தட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடாத வேளையையும் எழுதுங்கள். மேலே 8.40-க்கு நேராக "ஒன்றும் இல்லை" என்று இருக்கிறதே, அந்த வரிதான் பிற்பாடு எல்லாவற்றையும் திறந்து காட்டியது. அதை எழுதாமல் விட்டிருந்தால் நாளே 11.05-க்குத் தொடங்கியதாகத் தெரிந்திருக்கும்.

கரண்டியை அளப்பது

"சாம்பார் இரண்டு கரண்டி" என்றால் எவ்வளவு? கரண்டிக்குக் கரண்டி மாறும். ஒரு நாள் மதியப் பரபரப்பு ஓய்ந்த பிறகு மெஸ்ஸுக்குப் போய், "அண்ணே, அந்தச் சாம்பார்க் கரண்டியை இரண்டு நிமிடம் தருகிறீர்களா?" என்று கேட்டேன். மாஸ்டர் மேலும் கீழும் பார்த்தார். "கரண்டியில் என்ன தம்பி குறை?" என்றார். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பி, கரண்டியால் எத்தனை முறை மொள்ள முடிகிறது என்று எண்ணினேன். எட்டு முறை. ஆக ஒரு கரண்டி சுமார் 125 மில்லி. இதே பாட்டில் முறையில் உங்கள் தம்ளர், டிபன் பாக்ஸ் மூடி, டீக்கடை கிளாஸ் எல்லாவற்றையும் ஒரே நாளில் அளந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துவிடலாம்.

கொட்டை வகைக்கு வேறு உபாயம். கடையில் நூறு கிராம் வறுத்த வேர்க்கடலை வாங்கி, கைப்பிடி கைப்பிடியாக எண்ணுங்கள். எனக்கு மூன்று கைப்பிடிக்குச் சற்று மேல் வந்தது. ஒரு கைப்பிடி முப்பது கிராம் என்று வைத்துக்கொண்டேன். சர்க்கரைக்கு டீ மாஸ்டரின் கையைப் பாருங்கள். எங்கள் கடையில் கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன். ஒரு டீஸ்பூன் சர்க்கரை நான்கைந்து கிராம்.

இதற்கு மேல் துல்லியம் தேவையில்லை. தராசு வாங்கிச் சாதத்தை நிறுத்துச் சாப்பிட்ட ஒரு நண்பன் இருந்தான். ஐந்தாம் நாள் தராசும் நோட்டும் அவன் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்தன.

நோட்டு பொய் சொல்லும் இடங்கள்

எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை என்று சொன்ன சிலரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1992-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. அவர்கள் எழுதித் தந்த கணக்கு, உண்மையில் சாப்பிட்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். கை வாய்க்குப் போவதை மனம் குறித்துக்கொள்வதில்லை.

விடுதியில் இந்த ஓட்டைகள் எங்கே இருக்கும் என்று என்னால் சொல்ல முடியும். அடுத்தவன் தட்டிலிருந்து எடுத்த அரைப் பஜ்ஜி. பிறந்தநாள் கேக். படிக்கும் மேசையில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட்; ஒன்றொன்றாக எடுப்பதால் எண்ணிக்கையே தெரியாது. குளிர்பானம், குடித்ததைச் "சாப்பிட்டதாக" யாரும் கருதுவதில்லை. எல்லாவற்றையும்விட டீ. முதல் நான்கு நாள் என் நோட்டில் நாளுக்கு இரண்டு டீதான் இருந்தது. டீக்கடைக் கணக்கு நோட்டில் என் பெயருக்கு நேராக நான்கு இருந்தது. கடன் கணக்கு வைத்திருந்தால் அதையும் உங்கள் நோட்டையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். கடைக்காரர் எதையும் மறக்க மாட்டார்.

ஏழாம் நாள்: படிப்பது

முதல் வாரம் முடிந்ததும் அரைமணி நேரம் ஒதுக்கி உட்காருங்கள். உணவின் பெயர்களைப் பார்ப்பதற்கு முன் நேரத்தையும் பசி எண்ணையும் மட்டும் பாருங்கள். பசி 4, 5 வந்த இடங்களை வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் முந்தைய வரி என்ன என்று விரலை மேலே நகர்த்துங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

என் செவ்வாய்க்கிழமையைப் பின்னோக்கிப் படித்துக் காட்டுகிறேன். இரவு 11.10-க்குப் பசி 5. ஏன்? 7.40-க்குப் பாதிக் குருமாவோடு எழுந்துவிட்டேன். ஏன்? அப்போது பசி 1. 4.30 பஜ்ஜி வயிற்றில் உட்கார்ந்திருந்தது. பஜ்ஜி நேரத்தில் பசி 2-தான். தலை கனத்ததால் எழுந்து போனேன். தலை கனத்தது ஏன்? ஒரு மணிக்குக் கொலைப்பசியில் நாலு கரண்டிச் சாதம். அந்தப் பசி எங்கிருந்து வந்தது? காலையில் ஒன்றும் இல்லை. காலையில் எழ முடியாதது ஏன்? படுத்தது 1.15, பதினொரு மணிக்குப் பரோட்டாக் கடையில் நின்றவன் அதற்கு முன் எங்கே படுப்பது? சக்கரம் சுற்றி முடிந்துவிட்டது. ஏழில் ஐந்து நாள் இதே சக்கரம்தான் சுற்றியிருந்தது. இத்தனை நாளும் பரோட்டா என்ற கடைசி ஆரக்காலை உடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் தெரிந்தது. அன்றைய நாளில் முட்டை வந்த ஒரே வேளை அந்த இரவு ஆம்லெட்தான். பரோட்டாக் கடைக்குப் போவதை மட்டும் நிறுத்தியிருந்தால் அந்த முட்டையும் போயிருக்கும்.

அதன் பிறகு "இடமும் துணையும்" பத்தியைப் பாருங்கள். பசி 1, 2 என்று இருக்கும்போது சாப்பிட்டவை எல்லாம் யாரோடு? எனக்கு ஒன்பதில் ஏழு முறை கூட்டத்தோடு. அதில் தவறில்லை, விடுதி வாழ்க்கையில் டீக்கடைக்குப் போகாதவனுக்கு நட்பு ஏது? ஆனால் போவதும் சாப்பிடுவதும் வேறு வேறு என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

மூன்றே மூன்று கணக்கு

எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றை மட்டும் பார்த்தால் போதும்.

முதலாவது புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 55 கிலோ இருந்த எனக்கு 46 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு. ஒரு கிண்ணம் கடலைச் சுண்டலில் ஏழெட்டு. ஒரு தம்ளர் பாலில் ஐந்தாறு. மெஸ் சாம்பாரில் பருப்பு எவ்வளவு என்பது உங்களுக்கும் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும். சாதத்திலும் சப்பாத்தியிலும் கொஞ்சம் வரும். அதை மட்டும் நம்பி நிற்கும் நாள்கள் உங்கள் நோட்டில் எத்தனை என்று எண்ணுங்கள்.

இரண்டாவது சர்க்கரை. சேர்க்கப்படும் சர்க்கரையை நாளுக்கு 25 கிராமுக்குள் வைப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான்கு டீ, கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன்: முப்பத்திரண்டிலிருந்து நாற்பது கிராம். பன்னையும் பிஸ்கட்டையும் சேர்க்கும் முன்பே வரம்பு தாண்டிவிட்டது. இனிப்பே சாப்பிடுவதில்லை என்று அம்மாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

மூன்றாவது காய், பழம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் மாதிரித் தட்டில், 2,000 கலோரி நாளுக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம். நூறு கிராம் பழம் என்பது தோலுரித்த ஒரு நடுத்தர வாழைப்பழம். முதல் வாரத்தில் எனக்கு மொத்தம் இரண்டு வாழைப்பழம். பொரியலைக் கணக்குப் போட வெட்கமாக இருந்ததால் இங்கே எழுதவில்லை. இந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில்தான், பெரிபெரி நோயை ஆராயும் பிரிவாக ஒரே ஓர் அறையில் தொடங்கியது. வைட்டமின் பி1 குறைவதால் வரும் நோய் அது. தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பியிருந்தவர்களை அதிகம் பிடித்தது. வெள்ளைச் சாதம் நாலு கரண்டி, பொரியல் கொஞ்சம் என்று எழுதியிருந்த பக்கத்தின் மேல் அந்த வரலாற்றைப் படித்தபோது கொஞ்சம் உறுத்தியது.

மாணவிகள் நான்காவதாக ஒன்றையும் பார்க்கலாம்: சாப்பாட்டுக்கும் டீ, காபிக்கும் இடைவெளி. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் ஏற்பதை டீ தடுக்கிறது. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவை உதவுகின்றன. சாப்பிட்டதும் டீ குடிக்கும் வழக்கம் நோட்டில் தென்பட்டால் ஒரு மணி நேரம் தள்ளிப் பாருங்கள். இரத்தசோகை இருக்கிறதா என்பதை நோட்டு சொல்லாது. இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

இரண்டாம் வாரம்: ஒன்றை மட்டும் மாற்றுவது

ஏழாம் நாள் இரவு பெரிய சபதப் பட்டியல் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. எதுவும் நிற்கவும் நிற்காது. சக்கரத்தில் எந்த இடத்தில் கை வைப்பது சுலபமோ அங்கே மட்டும் வையுங்கள்.

நான் முதலில் ஏழு மணிக்கு அலாரம் வைத்தேன். இரண்டு நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கினேன். ஒரு மணிக்குப் படுப்பவன் ஏழு மணிக்கு எழுவேன் என்று சொல்வது ஆசை, திட்டம் ஆகாது. பிறகு வேறு ஏற்பாடு. அறைத் தோழன் ஆறரைக்கே எழுபவன். அவன் தன் தட்டோடு என் எவர்சில்வர் டப்பாவிலும் நாலு இட்லி வாங்கி வந்துவிடுவான். கைம்மாறாக அவன் துணியை இஸ்திரிக் கடைக்குக் கொண்டுபோவது என் வேலை. இட்லி கிடைக்காத நாளுக்கு அலமாரியில் வேர்க்கடலையும் இரண்டு வாழைப்பழமும். பரோட்டாவைப் பற்றி ஒரு முடிவும் எடுக்கவில்லை.

அந்த வாரம் ஐந்து நாள் காலையில் ஏதோ ஒன்று உள்ளே போனது. அந்த ஐந்து நாளில் இரவுப் பரோட்டா ஒரே முறைதான். அதுவும் சனிக்கிழமை, சினிமா பார்த்துவிட்டு வரும்போது. ஒரு மணிச் சாதம் நாலு கரண்டியிலிருந்து தானாக இரண்டரைக்கு இறங்கியது. தலைக் கனம் முழுக்கப் போகவில்லை, குறைந்தது. இட்லியால் குறைந்ததா, சீக்கிரம் தூங்கியதால் குறைந்ததா என்று ஒரு வார நோட்டை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு வந்தன.

எப்போது நோட்டை மூட வேண்டும்

சிலருக்கு இந்த வேலை ஆகாது. எழுதத் தொடங்கிய பிறகு சாப்பாட்டைப் பற்றியே நாள் முழுக்க நினைப்பு ஓடினால், எழுத வேண்டுமே என்று பயந்து சாப்பிடாமல் இருந்தால், சாப்பிட்டதற்குப் பரிகாரமாக அடுத்த வேளையைத் தள்ளினால், அன்றைக்கே மூடிவிடுங்கள். முன்பு அப்படிப்பட்ட சிக்கல் இருந்தவர்கள் தொடங்கவே வேண்டாம். கல்லூரி ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள்; அரசின் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். நீரிழிவு போன்ற நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் நோட்டைப் பார்த்துத் தாமாக உணவை மாற்றாமல், நோட்டையே மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். அவருக்கு அது மிகவும் பயன்படும்.

மற்றவர்களுக்கும் பதினான்கு நாள் போதும். பிறகு பருவத்துக்கு ஒருமுறை, ஞாயிறு உட்பட மூன்று நாள் எழுதினால் சரி. தேர்வு வாரத்தில் ஒருமுறை எழுதிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். என் நோட்டில் ஒரு தேர்வு நாள் முழுவதும் டீ, டீ, பிஸ்கட், டீ என்றுதான் இருக்கிறது.

மெஸ் கமிட்டிக்கு எடுத்துச் செல்வது

இதை நான் திட்டமிடவில்லை. எங்கள் தளத்தில் இன்னும் நாலு பேர் எழுதத் தொடங்கினார்கள். ஐந்து நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, காலைச் சாப்பாட்டைத் தவறவிட்ட நாள்களில் பாதிக்கு மேல் திங்களும் வியாழனும். அந்த இரண்டு நாளும் எங்களுக்கு எட்டு மணிக்கே ஆய்வக வகுப்பு. மெஸ் திறப்பது ஏழே முக்காலுக்கு. எங்கள் சோம்பல் என்று நினைத்ததில் ஒரு பகுதி கால அட்டவணையின் கோளாறு.

"மெஸ் சாப்பாடு சரியில்லை" என்று போய் நின்றால் எந்தக் கமிட்டியும் கேட்காது. வருடம் முழுக்க அவர்கள் கேட்கும் பாட்டு அது. நாங்கள் தேதி போட்ட ஒரு தாளை நீட்டினோம். இரண்டு கோரிக்கை மட்டும்: திங்கள், வியாழன் மெஸ்ஸைக் கால் மணி நேரம் முன்பே திறப்பது; வாரத்தில் இரண்டு மாலை பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் போடுவது. முன்பே திறப்பதற்கு ஆள் இல்லை என்றார்கள். சுண்டலுக்கு ஒப்புக்கொண்டார்கள். முதல் செவ்வாய்க்கிழமை கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காயும் மாங்காயும் போட்டு. வரிசையில் என் முறை வந்தபோது மாஸ்டர் அதே சாம்பார்க் கரண்டியால் மொண்டு என் கிண்ணத்தில் போட்டார். "நூற்றிருபத்தைந்து மில்லி, தம்பி. எழுதிக்கொள்" என்றார்.